கொள்கையில் மோதிக்கொண்டாலும் அந்தக் காலத்தில் நாகரிகமாக விவாதித்தார்கள். இப்போது ஏன் முடிவதில்லை?

'அந்தக் காலம்' என்றதும் எல்லோரும் எடுப்பது ராஜாஜி - பெரியார் நட்பைத்தான். உண்மைதான். 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லி ஊர் ஊராக எதிர்த்தவர் பெரியார். 1972 டிசம்பரில் ராஜாஜி இறந்தபோது அந்தத் தள்ளாத வயதிலும் சுடுகாடு வரை வந்து அழுதவரும் அவரேதான். அதற்காக ஊரே அப்படி இருந்தது என்று சொல்லிவிட முடியாது. 1989 மார்ச் 25 அன்று பட்ஜெட் படிக்கும்போது தமிழக சட்டசபையில் திமுகவும் அதிமுகவும் மோதிக்கொண்ட களேபரத்துக்கு ஃபேஸ்புக்கைக் குற்றம் சொல்ல முடியுமா? சலூனிலும் டீக்கடையிலும் 'இங்கு அரசியல் பேசாதீர்' போர்டு தொங்கியதும் சும்மா இல்லை.

சண்டை பழசு. எதிராளியை மனம் மாற்றலாம் என்ற எண்ணத்தோடு பேசுவதுதான் இப்போது அருகிப்போச்சு. இது என் கருத்து.

1967 தேர்தலில் அன்றைய முதல்வரைப் பார்த்து 'பக்தவத்சலம் அண்ணாச்சி, அரிசி விலை என்னாச்சு?' என்று கோஷம் போட்டார்கள். நக்கல்தான், ஆனாலும் கேள்வி அரிசி விலையைப் பற்றியது. இன்றைக்குக் கேள்வியை விட்டுவிட்டு, கேட்டவன் எந்தக் கட்சி என்றுதான் முதலில் துருவுகிறார்கள்.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நடந்ததைச் சொல்கிறேன். மகளிர் உரிமைத்தொகை மாதம் 1,000 ரூபாய்க்கு, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்கணும் என்று வரம்பு வைத்தது சரியா என்று ஓர் அக்கா கேட்டார். வரம்பு வேணும்தான் என்று சித்தப்பா ஒரு பாராவே எழுதினார். பதிலுக்கு வந்தது மூன்றே வார்த்தை: '200 ரூபாய் உபி' (காசுக்கு எழுதும் திமுககாரர் என்று அர்த்தம்). சித்தப்பா திருப்பி 'சங்கி' (பாஜக பக்கம் நிற்பவர்) என்றார். அக்காவின் கேள்வி அப்படியே கிடக்கிறது. இந்தப் பட்டப்பெயர்களில் ஒரு வசதி: ஒட்டிவிட்டால் பதில் சொல்லும் வேலை மிச்சம்.

சபையிலும் இதேதான், அங்கே காரணம் சட்டம். 1985-ல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம் 'ஆயாராம் கயாராம்' என்று கேலி செய்யப்பட்ட, அடிக்கடி கட்சி மாறும் கூத்தை நிறுத்த வந்தது. தேவையும் இருந்தது. ஆனால் எப்படி ஓட்டுப் போடணும் என்று கட்சிக் கொறடா போடும் உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவியே போய்விடலாம். எதிர்க்கட்சிக்காரர் எவ்வளவு அருமையாகப் பேசினாலும் இந்தப் பக்கம் ஓர் ஓட்டு நகராது. அப்புறம் அவர் யாரைப் பார்த்துப் பேசுவார்? கேமராவைத்தான். ராத்திரி டிவி விவாதங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் ரீல்ஸில் வெட்டிப் போட ஒரு முப்பது வினாடி சிக்கினால் போதும், வந்த வேலை முடிந்தது.

சித்தப்பாவிடம் நான் இப்போது குரூப்பில் அரசியல் பேசுவதில்லை, போனில்தான் பேசுகிறேன். '2.5 லட்சத்துக்கு ஒரு ரூபாய் கூடினாலும் இல்லைன்னா எப்படி சித்தப்பா?' என்றால், 'அது தப்புதான்டா' என்கிறார். குரூப்பில் எழுதச் சொன்னேன், 'உனக்கு வேற வேலை இல்லை' என்று வைத்துவிட்டார்.