எக்ஸ்டெர்மில் எழுத்துரு மாறவில்லையா? கேள்வி பதில்

லினக்ஸில் கட்டளைகளை அடிக்க உதவும் டெர்மினல் நிரலான எக்ஸ்டெர்ம் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறைய வந்துவிட்டன. வந்த வரிசையிலேயே எடுக்கிறேன். 1984இல் எழுதத் தொடங்கிய நிரல் இது, 1996 முதல் தாமஸ் டிக்கி பராமரிக்கிறார், இன்றைக்கும் புது வெளியீடுகள் வருகின்றன. "பழைய சாமானைப் பற்றி இன்னும் ஏன் பேச வேண்டும்" என்று கேட்டவருக்கு இதுவே பதில்.

கேள்வி: அண்ணா, எக்ஸ்ரிசோர்சஸ் என்ற அமைப்புக் கோப்பில் எழுத்துருவை மாற்றி எழுதினேன், புது விண்டோ திறந்தாலும் அதே பழைய பொடி எழுத்துதான் வருகிறது. என்ன தப்பு?

பதில்: கோப்பில் எழுதியதால் மட்டும் எதுவும் மாறாது தம்பி. எக்ஸ்டெர்ம் அந்தக் கோப்பைத் திறந்து படிப்பதே இல்லை. திரையில் விண்டோக்களைக் காட்டும் எக்ஸ் சர்வரில் ஏற்றி வைத்திருக்கும் ரிசோர்ஸ் (அமைப்பு வரிகள்) பட்டியலைத்தான் அது பார்க்கிறது, அந்தப் பட்டியலில் உங்கள் கோப்பை ஏற்றும் வேலை எக்ஸ்ஆர்டிபி என்ற கட்டளையுடையது. மெர்ஜ் என்ற விருப்பத்தோடு ஓட்டுங்கள். லோட் என்று கொடுத்தால் ஏற்கெனவே பட்டியலில் இருந்ததெல்லாம் போய்விடும், எழுத்து எவ்வளவு பெரிதாகத் தெரிய வேண்டும் என்று டெஸ்க்டாப் போட்டு வைத்த டிபிஐ அளவும் சேர்த்து. ஏற்றிய பிறகு புதிதாகத் திறக்கும் விண்டோவில்தான் மாற்றம் தெரியும், ஓடிக்கொண்டிருப்பதில் தெரியாது.

சிலர் எக்ஸ்டிஃபால்ட்ஸ் என்ற பழைய கோப்பில் எழுதிவிட்டுக் காத்திருக்கிறார்கள். சர்வரில் ரிசோர்ஸ் பட்டியல் எதுவுமே இல்லாதபோதுதான் அதைப் படிப்பார்கள். இன்றைய டெஸ்க்டாப்கள் பெரும்பாலும் எதையாவது ஒரு வரியைப் பட்டியலில் போட்டுவிடுகின்றன, அந்த ஒரு வரி இருந்தாலே உங்கள் எக்ஸ்டிஃபால்ட்ஸ் முழுதும் கணக்கில் வராது.

ஏற்றியும் வரவில்லை என்றால் பெயரைப் பாருங்கள். வரியின் தொடக்கத்தில் எந்த நிரலுக்கு என்று சொல்லும் க்ளாஸ் பெயரில் எக்ஸும் டி-யும் பெரிய எழுத்து (XTerm). நீங்கள் மெனுவிலிருந்து திறப்பது யூஎக்ஸ்டெர்ம் என்றால் அதன் க்ளாஸ் வேறு, எக்ஸ்டெர்ம் என்று எழுதிய வரிகள் அதைத் தொடாது. அதற்குத் தனியாக எழுத வேண்டும், இல்லையென்றால் யூடிஎஃப்-8 லொக்கேலில் (மொழி, எழுத்துக் குறியீட்டு அமைப்பில்) நேராக எக்ஸ்டெர்மையே திறங்கள். வரி முடிவில் ஸ்பேஸ் விட்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். மதிப்புக்கு முன்னால் இருக்கும் ஸ்பேஸ் கழன்றுவிடும், பின்னால் இருப்பது மதிப்போடு ஒட்டிக்கொண்டே போகும், "ட்ரூ" என்பது "ட்ரூ-ஸ்பேஸ்" ஆகிவிடும், கண்ணுக்கும் தெரியாது. குறிப்பு எழுதுவதற்கு ஆச்சரியக்குறி போடுங்கள், ஷெல் (கட்டளைகளை ஓட்டும் நிரல்) பழக்கத்தில் ஹேஷ் போடாதீர்கள். இந்தக் கோப்பு சி மொழியின் ப்ரீப்ராசஸர் வழியாகப் போகிறது, ஹேஷைப் பார்த்தால் அது தனக்கான ஆணை என்று எடுத்துக்கொள்ளும்.

அப்புறம் எழுத்துருவின் பெயர். எழுத்துருவைத் தேடிக் கொடுக்கும் ஃபான்ட்கான்ஃபிக் ஒருபோதும் "இல்லை" என்று சொல்லாது. நீங்கள் தேஜாவூ சான்ஸ் மோனோ என்பதில் ஓர் எழுத்தைத் தப்பாக அடித்தாலும் பக்கத்தில் இருக்கும் வேறு ஏதோ ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடும். எஃப்சி-மேட்ச் கட்டளைக்கு அந்தப் பெயரைக் கொடுத்துப் பாருங்கள், உண்மையில் எது கிடைக்கிறது என்று சொல்லும். அதோடு, "ஃபான்ட்" என்ற ரிசோர்ஸ் பழைய பிட்மேப் எழுத்துருவுக்கு, "ஃபேஸ்நேம்" என்பது ட்ரூடைப்புக்கு. நீங்கள் முதலாவதில் ட்ரூடைப் பெயரை எழுதியிருந்தால் வேலை செய்யாது.

இத்தனைக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று: அப்ரெஸ் என்று ஒரு சின்னக் கட்டளை இருக்கிறது, க்ளாஸ் பெயரைக் கொடுத்தால் அந்த நிரலுக்கு இப்போது எந்தெந்த ரிசோர்ஸ் அமலில் இருக்கிறது என்று பட்டியலிடும். அதில் உங்கள் வரி இல்லையென்றால் பிரச்சினை ஏற்றுவதில், இருந்தும் மாறவில்லையென்றால் பிரச்சினை மதிப்பில். யாரோ எழுதிய கோப்பை முழுதாக வெட்டி ஒட்டுவதை விட்டுவிட்டு இதை முதலில் ஓட்டுங்கள், தயவுசெய்து.

கேள்வி: எழுத்துக்கு எழுத்து இடைவெளி அதிகமாக இருக்கிறது.

பதில்: ஒற்றை அகலம் இல்லாத எழுத்துருவைத் தேர்ந்திருக்கிறீர்கள். அதில் அகலமான எழுத்துக்கு ஏற்ப எல்லாக் கட்டமும் விரிந்துவிடும். எஃப்சி-லிஸ்ட் கட்டளையில் ஸ்பேசிங் 100 (ஒற்றை அகலம்) என்று வடிகட்டி, வருவதில் ஒன்றை எடுங்கள். வரிக்கு வரி இடைவெளி வேண்டுமானால் ஸ்கேல்ஹைட் இருக்கிறது, 0.9 முதல் 1.5 வரை ஏற்கும்.

கேள்வி: விம் எடிட்டரில் நிறம் சரியாக வரவில்லை என்று பாஷ் ஷெல்லின் தொடக்கக் கோப்பான பாஷ்ஆர்சியில் டெர்ம் மாறியை எக்ஸ்டெர்ம்-256கலர் என்று போட்டேன். நிறம் வந்தது. இப்போது டிமக்ஸ் (ஒரே டெர்மினலைப் பல திரைகளாகப் பிரிக்கும் நிரல்) உள்ளே திரை கண்டபடி கலைகிறது சார்.

பதில்: இதை நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்: ஷெல்லின் தொடக்கக் கோப்பில் டெர்ம் மாறியைத் தொடாதீர்கள். நான் இன்ன டெர்மினல் என்று டெர்மினல் தன்னைப் பற்றி நிரல்களுக்குச் சொல்லும் இடம் அது. அதை ஷெல் மாற்றினால், அந்த ஷெல் எங்கே ஓடினாலும் ஒரே பதிலைத்தான் சொல்லும். டிமக்ஸ் உள்ளே, லினக்ஸ் கன்சோலில், வேறு கம்ப்யூட்டரிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக வரும்போது, எல்லா இடத்திலும் "நான் எக்ஸ்டெர்ம்" என்பான். டிமக்ஸ் தன் உள்ளே ஸ்க்ரீன் அல்லது டிமக்ஸ் என்று தொடங்கும் பெயரைத்தான் எதிர்பார்க்கிறது, அதன் எஸ்கேப் வரிசைகள் (திரையை இயக்கும் குறிகள்) வேறு. திரை கலைவது அதனால்தான்.

சரியான இடம் ரிசோர்ஸ் கோப்பு. டெர்ம்நேம் என்ற ரிசோர்ஸுக்கு எக்ஸ்டெர்ம்-256கலர் என்று கொடுங்கள், எக்ஸ்டெர்ம் தானே அந்தப் பெயரோடு ஷெல்லைத் தொடங்கும். டிமக்ஸுக்கு அதன் சொந்தக் கோப்பில் டிஃபால்ட்-டெர்மினல் இருக்கிறது. பாஷ்ஆர்சியில் போட்ட வரியை இன்றைக்கே அழித்துவிடுங்கள்.

கேள்வி: ஆல்ட்டும் பி-யும் சேர்த்து அழுத்தினால் ஒரு சொல் பின்னால் போக வேண்டும், அதற்குப் பதில் தலையில் கூரை வைத்த ஏ (â) வருகிறது.

பதில்: மெட்டாசெண்ட்ஸ்எஸ்கேப் என்பதை ட்ரூ ஆக்குங்கள். இப்போது நடப்பது இது: பி-யின் எண் 98, ஆல்ட் அழுத்தியதும் எக்ஸ்டெர்ம் எட்டாவது பிட்டை ஏற்றி 226 ஆக்குகிறது, 226 என்றால் லத்தீன்-1 என்ற பழைய எழுத்துப் பட்டியலில் அந்தக் கூரை ஏ. எட்டு பிட் டெர்மினல் காலத்தில் அது அர்த்தமுள்ள ஏற்பாடுதான், இப்போதைய ஷெல்கள் எழுத்துக்கு முன்னால் ஒரு எஸ்கேப்பைத்தான் எதிர்பார்க்கின்றன.

கேள்வி: எழுத்துரு மாற்றினேன், மாறவில்லை.

பதில்: முதல் பதில்.

கேள்வி: எக்ஸ்டெர்மில் தமிழ் ஏன் உடைந்து வருகிறது? "கெ" என்று அடித்தால் கொம்பு க-வுக்குப் பின்னால் போய் நிற்கிறது. எந்தத் தமிழ் எழுத்துருவைப் போட்டால் சரியாகும்?

பதில்: எந்த எழுத்துருவாலும் சரியாகாது. எக்ஸ்டெர்ம் ஒவ்வொரு யூனிகோடு குறியையும் தனித்தனியாக ஒரு கட்டத்தில் வரைகிறது. கொம்பை முன்னால் கொண்டுவருவது, உகரத்தை எழுத்தோடு சேர்ப்பது போன்ற வேலைகளுக்கு எழுத்துருவுக்குள் அட்டவணைகள் இருக்கின்றன, ஆனால் எக்ஸ்டெர்ம் பயன்படுத்தும் எக்ஸ்எஃப்டி நூலகம் அவற்றைப் பார்ப்பதில்லை. கேள்விக்குறிகளாக வந்தால் அது வேறு, லொக்கேல் யூடிஎஃப்-8ஆ என்று பாருங்கள். தமிழ் நிறையப் படிக்க வேண்டியிருந்தால் எம்எல்டெர்ம் போட்டுப் பாருங்கள், இந்திய எழுத்துகளைச் சேர்த்து வரைய அதில் ஏற்பாடு இருக்கிறது.

கேள்வி: இதை ஏற்க முடியாது. எல்லாத் தமிழ் எழுத்தும் ஒரே அகலத்தில் இருக்கும்படி ஒரு நல்ல எழுத்துருவை யாராவது செய்தால் தீர்ந்தது. யாரும் செய்யவில்லை, அவ்வளவுதான்.

பதில்: தீராது, காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அகலத்தைத் தீர்மானிப்பது எழுத்துரு அல்ல, டபிள்யூசிவிட்த் என்ற கணக்கு. ஒவ்வொரு யூனிகோடு குறிக்கும் எத்தனை கட்டம் என்று அது சொல்லும். இப்போது தமிழை அதில் போட்டுப் பாருங்கள். "கி"யில் வரும் இகரக் குறி யூனிகோடில் இடம் பிடிக்கும் குறி, "கீ"யில் வரும் ஈகாரக் குறி இடம் பிடிக்காத குறி. ஆக, வழக்கமான கணக்குப்படி கி இரண்டு கட்டம், கீ ஒரே கட்டம்! புள்ளிக்கு இடம் கிடையாது. "தமிழ்" என்ற சொல்லில் குறிகள் ஐந்து, கணக்கில் கட்டங்கள் நான்கு, நாம் கண்ணால் பார்க்கும் எழுத்துகள் மூன்று. இந்தக் கணக்கு இப்படியே இருக்கும்போது எழுத்துருவில் எல்லாவற்றையும் ஒரே அகலமாக வெட்டினாலும் மூன்று எழுத்து நான்கு கட்டத்தில்தான் போய் உட்கார வேண்டும்.

கேள்வி: சீன எழுத்துக்கு இரண்டு கட்டம் என்று வசதி செய்து கொடுத்தார்களே, தமிழுக்கு மட்டும் ஏன் இல்லை? இது புறக்கணிப்பு இல்லையா?

பதில்: கேட்க வேண்டிய கேள்விதான், எனக்கும் இதில் வருத்தம் உண்டு. ஆனால் சீன எழுத்துக்கு அமைந்த வசதி எளிய வசதி: ஒரு குறி, எப்போதும் இரண்டு கட்டம், பக்கத்தில் என்ன வந்தாலும் மாறாது. நம் எழுத்தில் அடுத்து வரும் குறியைப் பார்த்துத்தான் முந்தையதை வரைய முடியும். அதைவிடப் பெரிய சிக்கல், திரையை எண்ணுவது ஓர் ஆள் இல்லை. பாஷ் தன் பக்கம் எண்ணுகிறது, விம் தன் பக்கம் எண்ணுகிறது, டெர்மினல் தன் பக்கம் எண்ணுகிறது, மூன்றும் ஒன்றையொன்று கேட்டுக்கொள்வதில்லை. டெர்மினல் மட்டும் திருந்தி "தமிழ்" மூன்று கட்டம் என்று வரைந்தால், நான்கு என்று எண்ணிய பாஷ் கர்சரை ஒரு கட்டம் தள்ளி வைக்கும், நீங்கள் பேக்ஸ்பேஸ் அழுத்தினால் தப்பான இடத்தில் அழியும். பார்ப்பதற்கு அழகாக வரையும் டெர்மினல்களில் கூடத் தமிழ் வரியைத் திருத்தும்போது தடுமாறுவது இதனால்தான். எல்லாரும் சேர்ந்து ஒரே கணக்குக்கு வர வேண்டும், அது நடக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் அந்தந்தத் திட்டங்களில் தமிழ் உதாரணத்தோடு பிழை அறிக்கை எழுதுங்கள். கி, கீ உதாரணம் ஒன்றே போதும், பார்த்தவுடன் யாருக்கும் புரியும்.

அதுவரை தமிழில் எழுதுவதற்கு ஈமேக்ஸ் எடிட்டரைத் தனி விண்டோவில் திறந்து எழுதுங்கள். 2020இல் வந்த 27ஆம் பதிப்பு முதல் எழுத்துகளைச் சேர்த்து வரைய உதவும் ஹார்ஃப்பஸ் நூலகத்தின் துணையோடு தமிழை ஒழுங்காகக் காட்டுகிறது. எண்ணுவதும் வரைவதும் ஒரே நிரல் என்பதால் அங்கே இந்தச் சண்டை கிடையாது.

கேள்வி: அப்படியானால் கோப்புகளுக்குத் தமிழில் பெயரே வைக்கக் கூடாதா?

பதில்: தாராளமாக வையுங்கள்! உடைந்து தெரிவது திரையில் மட்டும், வட்டில் பெயர் முழுசாக இருக்கிறது. நீளத்தை மட்டும் கவனியுங்கள். லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறையில் ஒரு பெயருக்கு 255 பைட் வரைதான், தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் 3 பைட், ஆக 85 குறிகள். புள்ளியும் கொம்பும் காலும் அதில் சேர்த்தி.

கேள்வி: க்னோம் டெர்மினலில் எழுத்துருவை மாற்ற எக்ஸ்ரிசோர்சஸில் என்ன எழுத வேண்டும்?

பதில்: எதுவும் எழுத வேண்டாம், அது எக்ஸ் ரிசோர்ஸைப் பார்ப்பதில்லை. அதன் ப்ரொஃபைல் அமைப்பில் மாற்றுங்கள். கேடிஈ-யின் டெர்மினலான கன்சோலுக்கும் (Konsole) அப்படியே.

கேள்வி: ரிமோட் சர்வரில் விம்மில் காப்பி செய்தால் என் க்ளிப்போர்டுக்கு வர வேண்டும். அலவ்விண்டோஆப்ஸை ட்ரூ ஆக்கச் சொல்கிறார்கள், செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். அந்த ஒரு சொல் எல்லாக் கதவையும் சேர்த்துத் திறந்துவிடும். க்ளிப்போர்டில் எழுத மட்டும் அல்ல, அதில் இருப்பதைப் படிக்கவும் திரையில் எழுத முடிந்த எந்த நிரலுக்கும் அனுமதி போய்விடும், பாஸ்வேர்டை அப்போதுதான் காப்பி செய்திருப்பீர்கள். அதை ஃபால்ஸாகவே விட்டுவிட்டு, டிஸ்அலவ்ட்விண்டோஆப்ஸ் என்ற தடைப் பட்டியலிலிருந்து செட்செலெக்ஷனை மட்டும் நீக்குங்கள். எழுத முடியும், படிக்க முடியாது.

இதே கையோடு, எழுத்துருவைக் கேட்கவும் மாற்றவும் நிரல்களை விடும் அலவ்ஃபான்ட்ஆப்ஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2022இல் வெளியான சிவிஈ-2022-45063 என்ற பாதுகாப்பு ஓட்டை அங்கேதான். எழுத்துருவின் பெயர் என்ன என்று கேட்கும் ஓர் எஸ்கேப் வரிசைக்கு எக்ஸ்டெர்ம் தரும் பதிலில் கண்ட்ரோல்-ஜி-யை நுழைக்க முடிந்தது, ஸீஷெல் என்ற ஷெல்லை விஐ முறையில் (விஐ எடிட்டரின் விசைகளோடு) வைத்திருப்பவர்களிடம் அது கட்டளையாகவே ஓடியது. 375ஆம் வெளியீட்டில் சரிசெய்துவிட்டார்கள். உங்களுடையது அதற்கு முந்தையது என்றால் அப்டேட் செய்யுங்கள், முடியாதவரை அந்த ரிசோர்ஸை ஃபால்ஸ் ஆக்கி வையுங்கள்.

கேள்வி: கறுப்புப் பின்னணியில் நீலம் படிக்கவே முடியவில்லை.

பதில்: கலர்4, கலர்12 இரண்டையும் வெளிறிய நீலமாக மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் போதாது, தடித்த நீலத்தை எக்ஸ்டெர்ம் 12ஆம் நிறத்தில் காட்டும்.

கேள்வி: ஸீஷெல்ஆர்சியில் டெர்ம் மாறியைப் போடலாமா? பாஷ்ஆர்சியில்தானே கூடாது என்றீர்கள்.

பதில்: அதிலும் கூடாது. எந்த ஷெல்லின் எந்தக் கோப்பிலும் கூடாது. டெர்ம்நேம் ரிசோர்ஸ், அவ்வளவுதான்.

கேள்வி: எழுத்துரு மாறவில்லை, எக்ஸ்ஆர்டிபியும் ஓட்டிவிட்டேன், ரீபூட் செய்தேன்.

பதில்: அப்ரெஸ் என்ன காட்டியது என்று சொல்லாமல் இதற்கு நான் பதில் எழுதப் போவதில்லை. அதை ஓட்டி, வந்த வரிகளோடு கேளுங்கள், உட்கார்ந்து பார்த்துத் தருகிறேன்.

கேள்வி: மேலே போன வரிகள் 1024க்கு மேல் கிடைப்பதில்லை.

பதில்: சேவ்லைன்ஸ். இயல்பாக இருப்பதே 1024தான், 10000 என்று கொடுங்கள், இன்றைய கம்ப்யூட்டருக்கு அது ஒரு சுமை இல்லை.