ஏரிகளைச் சுற்றி 60 கிலோமீட்டர்: சர்க்கரை உள்ளவர் போகலாமா?

கேள்வி: எனக்கு 54 வயது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிமெபிரைடு. ரத்த அழுத்தத்துக்கு மெட்டோபுரோலால். ஆறு வருடமாகச் சாப்பிடுகிறேன். வாரத்தில் மூன்று நாள் 20 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டுவேன். இரண்டு மாதம் கழித்து நண்பர்களோடு கிராமச் சாலைகளில் மூன்று ஏரிகளைச் சுற்றி 60 கிலோமீட்டர் போகத் திட்டம். சின்ன மேடுகள்தான், பெரிய ஏற்றம் இல்லை. ஓட்டும்போது சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகின்றன. நான் போகலாமா?

பதில்: போகலாம். இரண்டு மாத அவகாசம் இருப்பது நல்லது. முதலில் உங்கள் மருத்துவரைப் பார்த்து, இசிஜி, டிரெட்மில் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு இதயத்துக்கு ரத்த ஓட்டம் குறைந்தாலும் நெஞ்சுவலியே இல்லாமல் போகலாம். அதனால்தான் சொல்கிறேன். விழித்திரையைப் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் அதையும் முடித்துவிடுங்கள். அப்புறம், வாரம் ஒரு நாள் மட்டும் தூரத்தைக் கூட்டுங்கள்: 25, 30, 35 என்று. 45 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுநாள் சாதாரணமாக நடமாட முடிந்தால் 60-க்குத் தயார்.

இனி பாதை. போன வழியே திரும்பும் பயணத்தில் முடியவில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் திரும்பிவிடலாம். ஏரியைச் சுற்றும் வட்டத்தில் அப்படி முடியாது. பாதி தூரம் வந்தபின் முன்னால் போனாலும் பின்னால் போனாலும் ஒரே தூரம்தான், குறுக்கே தண்ணீர். உங்கள் உடல்நிலையில் இருப்பவருக்கு இதுதான் முக்கியமான கேள்வி என்று நினைக்கிறேன். வரைபடத்தில் பாருங்கள்: மூன்று ஏரிகளுக்கும் பொதுவான ஒரு சந்திப்பு இருந்தால், ஒரே பெரிய வட்டத்துக்குப் பதில் 20 கிலோமீட்டர் அளவில் மூன்று சின்ன வட்டங்களாக்குங்கள். ஒவ்வொன்று முடிந்ததும் அதே இடத்துக்கு வருவீர்கள். இரண்டாவதோடு நிறுத்திக்கொண்டாலும் யாருக்கும் சிரமமில்லை. அது முடியாவிட்டால், வாகனம் வந்து உங்களை ஏற்றிக்கொள்ளக்கூடிய இடங்களை முன்பே குறித்துவையுங்கள். ஏரிக்கரையில் காற்றைத் தடுக்க மரமோ கட்டடமோ பெரும்பாலும் இருக்காது. எதிர்காற்று வரும் பகுதியை, உடம்பில் தெம்பு இருக்கும் முதல் பாதியில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கவலை தருவது உங்கள் மாத்திரைகளின் சேர்க்கை. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை அபாயமாக இறங்குவது அரிது. கிளிமெபிரைடு அப்படியல்ல. நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். மிதிக்கும் தசைகளும் சர்க்கரையை இழுக்கும். சர்க்கரை இறங்கும்போது வழக்கமாகப் படபடப்பு, கை நடுக்கம் என்று உடம்பு எச்சரிக்கும். மெட்டோபுரோலால் அந்த இரண்டையும் அமுக்கிவிடும். மிஞ்சுவது வியர்வை. சைக்கிள் ஓட்டுபவருக்கு எப்படியும் வியர்க்கும், அதை வைத்து என்ன கண்டுபிடிப்பது? ஆகவே உணர்வை நம்பாதீர்கள், குளுக்கோமீட்டரை நம்புங்கள்.

கிளம்பும் முன் ஒருமுறை பாருங்கள். 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டு, மறுபடி பார்த்து, சர்க்கரை ஏறிய பிறகே புறப்படுங்கள். ஒவ்வொரு வட்டம் முடிந்ததும், அதாவது சுமார் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை, திரும்பப் பாருங்கள். 70-க்குக் கீழே போனால் உடனே நிறுத்தி, 15 கிராம் குளுக்கோஸ், அதாவது சுமார் மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கலந்து குடித்து 15 நிமிடம் உட்காருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. பேச்சு குழறினாலோ, வழி தெரியாமல் தடுமாறினாலோ உங்களை நிறுத்த வேண்டும் என்று நண்பர்களிடம் முன்பே சொல்லிவையுங்கள். நீண்ட பயண நாளில் கிளிமெபிரைடு அளவைக் குறைக்கலாமா என்பதை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள், முக்கியமாக மெட்டோபுரோலாலை. அதைத் திடீரென்று விட்டால் இதயத்துக்கு ஆபத்து.

அதே மாத்திரை நாடித்துடிப்பையும் குறைத்துக் காட்டும் என்பதால் கைக்கடிகாரம் சொல்லும் எண்ணை வைத்து வேகத்தை முடிவு செய்ய வேண்டாம். பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? அதுதான் மிதமான வேகம். மேட்டில் வார்த்தை வார்த்தையாகத் திணறினால் கியரைக் குறையுங்கள், இறங்கித் தள்ளினாலும் தவறில்லை. நெஞ்சில் அழுத்தம், தாடையிலோ கையிலோ பரவும் வலி, தலைசுற்றல், வழக்கத்துக்கு மீறிய மூச்சுத்திணறல் வந்தால் பயணம் அங்கேயே முடிந்தது. உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.

விரல்களுக்கு வருவோம். சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்தால், ஹேண்டில்பார் உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கத்து அடிப்பகுதியை அழுத்தி அந்த விரல்களுக்குப் போகும் அல்நார் நரம்பை நசுக்குகிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். பஞ்சு வைத்த கையுறை போடுங்கள், டயரில் காற்றைக் கல்லாக ஏற்றாதீர்கள், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கைப்பிடியை மாற்றுங்கள். இருக்கையின் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடல் எடை கையில் இறங்கும், அதைச் சமமாக்குங்கள். சைக்கிளை விட்டு இறங்கிய பிறகும் மணிக்கணக்கில் மரத்திருந்தாலோ, பிடி தளர்ந்தாலோ காட்டிவிடுங்கள்.

வீடு திரும்பியதும் கால் விரல்களில் கொப்புளம் இருக்கிறதா என்று பாருங்கள். தசைகள் அன்று இரவு முழுக்கச் சர்க்கரையை இழுத்துக்கொண்டிருக்கும். படுக்கும் முன் ஒருமுறை அளந்து பாருங்கள், வீட்டில் உள்ளவர்களிடமும் விஷயத்தைச் சொல்லிவிட்டுத் தூங்குங்கள்.