வாட்டலும் துருவலும்: ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

மன்னார்குடிக்கு அருகே ஓர் ஊரில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். சென்ற வாரம் மொழிபெயர்ப்புப் பயிற்சியில், காவலர்கள் ஒருவரை மூன்று மணி நேரம் ‘கிரில்’ செய்தார்கள் என்று பொருள்படும் ஆங்கில வாக்கியம் ஒன்றைக் கொடுத்திருந்தேன். ஒரு மாணவி அதை, ‘காவலர்கள் அவரை மூன்று மணி நேரம் வாட்டினார்கள்’ என்று எழுதியிருந்தாள். இன்னொரு வாக்கியத்தில் வந்த ‘ஹாஃப் பேக்டு’ யோசனையைப் ‘பாதி சுட்ட யோசனை’ ஆக்கியிருந்தாள். இரண்டையும் சிவப்பு மையால் அடித்துவிட்டேன். அகராதியில் உள்ளதைத்தானே அந்தப் பெண் எழுதினாள் என்று வீட்டுக்கு வந்த பிறகு மனம் உறுத்துகிறது. சமையல் வினைகளுக்கு ஆங்கிலத்தில் இப்படி வேறு பொருள்கள் வருவதில் ஏதேனும் ஒழுங்கு உண்டா, அல்லது ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்யத்தான் வேண்டுமா?

அன்புடன்,
ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

வணக்கம். உங்கள் மாணவி அடுப்படியில் தவறு செய்யவில்லை. இரும்புக் கம்பிகளின் மேல் வைத்து நேர்த்தணலில் பக்குவப்படுத்துவது கிரில். நம் வீடுகளில் அப்பளத்தையும் கத்தரிக்காயையும் தணலில் வாட்டுவது ஏறத்தாழ அதே செயல்தான். அவள் வழுக்கியது வாக்கியத்தில். ஆங்கிலத்தில் அந்த வினை கேள்விகளின் பக்கம் போயிற்று. தமிழில் வாட்டுதல் துன்பத்தின் பக்கம் போயிற்று. பசி வாட்டும், வறுமை வாட்டும், தனிமை வாட்டும். ‘காவலர்கள் வாட்டினார்கள்’ என்று படிக்கும் தமிழர், அவரைத் துன்புறுத்தினார்கள் என்றே புரிந்துகொள்வார். விசாரணைக்கும் சித்திரவதைக்கும் நடுவே உள்ள தூரத்தை அந்த ஒரு சொல் அழித்துவிடுவதால், இதைச் சிறிய பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த இடத்துக்கு நம்மிடம் ‘துருவித் துருவி விசாரித்தார்கள்’ என்ற வழக்கு இருக்கிறது. தேங்காய் துருவுகிற அதே வினைதான். என் அம்மா அரிவாள்மனையின் நுனிப் பற்களில் தேங்காய் மூடியைப் பொருத்தி, ஓரத்தில் தொடங்கி, வெள்ளை தீர்ந்து ஓட்டின் பழுப்பு தெரியும் வரை மூடியைத் திருப்பித் திருப்பித் துருவுவார். நல்ல விசாரணை அதிகாரி செய்வதும் அதைத்தான். ஆனால் துருவுதலுக்கு ஆங்கிலத்தில் உள்ள ‘கிரேட்’ (grate) என்ற வினை, கரகரத்த குரலோ ஓயாத தொணதொணப்போ நம்மை உரசி எரிச்சலூட்டுவதைக் குறிக்கிறது. செயல் ஒன்றே; அவர்கள் அதிலிருந்து உரசலை எடுத்துக்கொண்டார்கள், நாம் தேடலை எடுத்துக்கொண்டோம். ஆகவே அவர்களுடைய வாட்டலை நாம் துருவலாகத்தான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது.

‘பாதி சுட்ட யோசனை’யை நீங்கள் முழுவதுமாக அடித்திருக்க வேண்டாம். ரொட்டி சுடுகிற நாட்டில் யோசனை பாதி சுடப்பட்டு நிற்கிறது. சோறு வடிக்கிற நாட்டில் அது அரைவேக்காடாக நிற்கிறது. ‘அரைவேக்காட்டு யோசனை’ என்று எழுதினால் குறை ஏதும் இல்லை.

இனி ஒழுங்கு பற்றிய உங்கள் கேள்வி. ஒழுங்கு உண்டு, ஆனால் அது பாதி வழிதான் கூட வரும். ஆங்கிலச் சமையல் வினைகளில் தீ எவ்வளவு, நீர் உண்டா, மூடி திறந்திருக்கிறதா, எவ்வளவு நேரம் ஆகும் என்ற விவரங்கள் அடங்கியிருக்கின்றன. மனத்தைப் பற்றிப் பேசும்போதும் அவ்விவரங்கள் கூடவே வருகின்றன. ‘பாயில்’ என்பது கொதி. கோபத்தில் இரத்தம் கொதிப்பது இரு மொழிகளுக்கும் பொது. ‘சிம்மர்’ என்பது கொதிநிலையை எட்டாமல், ஓரத்தில் மட்டும் சிறு குமிழிகள் எழும்படி வைத்திருப்பது. இச்சொல்லை உங்கள் மாணவர்கள் ஏற்கெனவே அறிவார்கள்: ‘அடுப்பைச் சிம்மில் வை’ என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்கிறோமே, அந்தச் சிம் இதன் சுருக்கம்தான். கோபம் சிம்மரில் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் எழுதினால், அது வெடிக்கவும் இல்லை, அணையவும் இல்லை என்று பொருள்.

‘ஸ்ட்யூ’ என்ற சொல்லுக்குத்தான் நம் மண்ணில் மிக அழகான இணை இருக்கிறது. காய்கறியையோ இறைச்சியையோ மூடிய பாத்திரத்தில் அதன் சாற்றிலேயே நெடுநேரம் வேக விடுவது ஸ்ட்யூ. ஒருவர் தம் கவலையிலோ மனத்தாங்கலிலோ வெளியே சொல்லாமல் கிடந்து வேகுவதற்கும் அதே சொல். நமக்கு அது புழுங்குதல். எங்கள் வீட்டுக் கொல்லையில் ஊறவைத்த நெல்லை அண்டாவில் அவிப்பார்கள். வாயைச் சாக்கால் மூடியிருப்பதால் ஆவி வெளியே போக வழியின்றி உள்ளேயே சுற்றும். நேரம் ஆக ஆக உமி மெல்ல வாய் பிளக்கும். சாக்கை விலக்கியதும் முகத்தில் அறையும் அந்தக் கனத்த வாசனையைக் காவிரிக்கரையில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த நெல்லிலிருந்து வருவது புழுங்கல் அரிசி, காற்று அசையாத சித்திரை இரவில் உடல் படுவது புழுக்கம், சொல்ல முடியாததை உள்ளே வைத்திருப்பவர் மனம் படுவது மனப்புழுக்கம். மூன்றிலும் மூடிய வாயும் வெளியேறாத ஆவியும்தான் இருக்கின்றன. அகராதி எதைச் சொன்னாலும், வாக்கியத்தில் ஸ்ட்யூவுக்கு எதிரே புழுங்கலை நான் தயங்காமல் வைப்பேன்.

‘சீத்’ (seethe) என்ற வினையின் கதை வேறு. பழைய ஆங்கிலத்தில் வேகவைத்தலுக்கு அதுவே சொல்லாக இருந்தது. 1066இல் வடபிரான்சிலிருந்து வந்த நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பிறகு, பிரெஞ்சு வழியாக வந்த பாயில், ஃப்ரை, ரோஸ்ட் முதலியவை சமையற்கட்டில் இடம்பிடித்துக்கொண்டன. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில், ஆட்டுக்குட்டியைத் தாயின் பாலில் சமைக்கலாகாது என்ற கட்டளையில்கூட சீத் வருகிறது. இன்றோ அச்சொல்லைக் கோபத்தால் உள்ளூரக் குமுறுவதற்கே பெரும்பாலும் எழுதுகிறார்கள். அடுப்பில் இருந்ததைப் பலர் மறந்தே போனார்கள். இத்தகைய சொல்லுக்கு ஒழுங்கு உதவாது. அதன் வரலாற்றைச் சொல்லித்தான் புரியவைக்க வேண்டும்.

மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய சொல் ‘குக்’தான். கணக்கைக் குக் செய்தார் என்றால் பொய்க்கணக்கு எழுதினார்; கதையைக் குக் செய்தார் என்றால் இட்டுக்கட்டினார். தமிழில் சமைத்தலுக்கு ஆக்குதல், உருவாக்குதல் என்ற பழம்பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது: வரலாறு சமைத்தார், புதுப்பாதை சமைத்தார் என்று ஒருவரைப் பாராட்டுகிறோம். அச்சொல்லை அப்படியே கொண்டுவந்து போட்டால், வரலாற்றைத் திரித்தவர் வரலாறு சமைத்தவர் ஆகிவிடுவார். இதில் நான் பார்த்த பிழைகள் ஒன்றிரண்டு அல்ல. அச்சேறிய பக்கங்களிலும் உண்டு.

மதிப்பெண் விஷயத்தில் என் எண்ணம் இது. இரண்டாம் வாக்கியத்துக்கு அந்த மாணவிக்குப் பாதி மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுங்கள். முதல் வாக்கியத்துக்குக் கொடுக்க வேண்டாம். ஆனால் அவளை அருகே அழைத்து, அவள் எழுதிய சொல்லைப் படிப்பவருக்கு அந்த மனிதரை என்ன செய்ததாகத் தோன்றும் என்று கேளுங்கள். ‘துருவி’ என்ற சொல்லை நீங்கள் எடுத்துக் கொடுக்காமல், அவளே கண்டுபிடிக்க ஒரு நாள் அவகாசமும் கொடுங்கள்.