கேள்வி பதில்: கிங்கென் நட்ட கல்

கேள்வி: கிங்கென் என்ற வேல்ஸ் அரசர் யார், ஐயா? பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

பதில்: வேல்ஸின் கிழக்கில், ஆங்கிலேயரின் மெர்சியாவை ஒட்டி இருந்த நாடு போவிஸ். 9-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அதை ஆண்டவர் கிங்கென். தந்தை கடெல் இறந்தது 808-இல். இன்றும் கிங்கெனைப் பற்றிப் பேசுகிறோம் என்றால், லாங்கொலென் ஊருக்கு அருகே தன் கொள்ளுத்தாத்தா எலிசெக்குக்காக அவர் நட்ட கல்தான் காரணம்.

கேள்வி: அந்தக் கல்லில் என்ன எழுதியிருந்தது?

பதில்: லத்தீன் கல்வெட்டு அது. கிங்கென் கடெல்லின் மகன், கடெல் ப்ரோக்மெயிலின் மகன், ப்ரோக்மெயில் எலிசெக்கின் மகன் என்று தொடங்கும். போவிஸ் நிலத்தை ஆங்கிலேயரிடமிருந்து வாளாலும் நெருப்பாலும் மீட்டவர் எலிசெக் என்று சொல்லும். இதை வாசிப்பவர் எலிசெக்கின் ஆன்மாவை வாழ்த்தட்டும் என்றும் கேட்கும். அரசர் கேட்டுக்கொண்டதால் இதைத் தீட்டியவர் கோன்மார்க் என்று எழுதியவரின் பெயரும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். அரசர்களின் வரிசைக்கு நடுவே ஒரு கைவினைஞர் தன் பெயரோடு நிற்கிறார்.

கேள்வி: செத்துப்போன கொள்ளுத்தாத்தாவின் வெற்றியை அப்போது ஏன் எழுத வேண்டும்?

பதில்: 822-இல் சாக்சன்கள், அதாவது ஆங்கிலேயர், வேல்ஸின் வடக்கிலிருந்த டெகான்வி கோட்டையை அழித்து, போவிஸைத் தங்கள் கைக்குள் கொண்டுவந்தார்கள் என்கிறது வேல்ஸின் ஆண்டுக்குறிப்பு. அது கிங்கெனின் காலம். நிலம் கைவிட்டுப் போகும்போது 'இது எங்கள் பாட்டன் மீட்ட மண்' என்று கல்லில் வெட்டுகிறார். நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். அவர் தேர்ந்த இடத்தையும் பாருங்கள். கல் நிற்கும் மேடு வெண்கலக் காலத்துப் புதைமேடு என்று 2010 முதல் 2012 வரை நடந்த அகழாய்வில் தெரிந்தது. கிங்கெனுக்கே அது மிகப் பழைய மேடு.

கேள்வி: சாக்சன்களை அழைத்துவந்து நாட்டைக் கெடுத்த பழைய பிரிட்டன் அரசர் வோர்டிகெர்ன் பெயரும் அதில் இருக்கிறதாமே?

பதில்: இருக்கிறது, அதுவும் மரியாதையோடு. சுமார் 830-இல் க்வினெட் நாட்டில் எழுதப்பட்ட வரலாற்று நூலில் வோர்டிகெர்ன்தான் பெரிய குற்றவாளி. கிங்கெனின் கல்லிலோ அவர் குலமுதல்வர். ரோமப் பேரரசரைக் கொன்ற மாக்சிமஸின் மகள் செவிராதான் அவர் மனைவி. மகன் பிரிட்டு புனித ஜெர்மானஸின் ஆசி பெற்றவர். நானூறு ஆண்டு முந்தைய இந்த உறவுமுறையை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் பக்கத்து நாடு தூற்றிய முன்னோரை போவிஸ் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தப் பிடிவாதம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

கேள்வி: கிங்கென் போரில் இறந்தாரா?

பதில்: இல்லை. 853-இல் மெர்சியாவும் இன்னொரு ஆங்கிலேய நாடான வெஸ்ஸெக்ஸும் சேர்ந்து வேல்ஸ் மீது படையெடுத்தன. அடுத்த ஆண்டில் கிங்கென் ரோமில் இறந்தார் என்று ஆண்டுக்குறிப்பு ஒரே வரியில் முடித்துவிடுகிறது. அப்புறம் போவிஸ், க்வினெட் அரசர் ரோட்ரியின் கைக்குப் போனது.

கேள்வி: இப்போது போனால் எழுத்தை வாசிக்கலாமா?

பதில்: முடியாது, முழுக்கத் தேய்ந்துவிட்டது. ஒருகாலத்தில் அது சிலுவைத் தூண். அருகிலுள்ள வாலே குரூசிஸ் மடத்தின் பெயருக்கே 'சிலுவைப் பள்ளத்தாக்கு' என்றுதான் பொருள். பிறகு தூணைத் தள்ளி உடைத்தார்கள்; மிஞ்சிய துண்டை 1779-இல் திரும்ப நிறுத்தினார்கள். நல்லவேளை, அதற்கு முன்பே 1696-இல் எட்வர்ட் லூயிட் என்ற அறிஞர், சிதைந்து கிடந்த கல்லில் கண்ணுக்குத் தெரிந்த வரிகளையெல்லாம் படியெடுத்து வைத்தார். நான் மேலே சொன்ன கல்வெட்டு வரிகள் எல்லாம் அவர் படியெடுத்த தாளின் வழியாக நமக்கு வந்தவை.