பாதி எங்கிருந்து வந்தது?

கேள்வி: 1−1+1−1+… என்று முடிவில்லாமல் போகும் தொடரின் கூடுதல் ½ என்கிறார்கள். முழு எண்களைத்தானே கூட்டிக் கழிக்கிறோம்? இது ஏமாற்று வேலை இல்லையா?

பதில்: ஏமாற்று இல்லை. ஆனால் ‘கூடுதல்’ என்ற சொல்லுக்குச் சத்தமில்லாமல் வேறு பொருள் கொடுத்துவிடுகிறார்கள். ஒவ்வொன்றாகக் கூட்டினால் 1, 0, 1, 0 என்றுதான் வரும், எங்கும் நிலைகொள்ளாது. வழக்கமான கணக்கில் இது விரியும் தொடர், கூடுதலே கிடையாது. 1890-இல் செசாரோ என்ற இத்தாலியக் கணித அறிஞர், இந்த 1, 0, 1, 0-களுக்குச் சராசரி எடுத்துக்கொண்டே போனார்: 1, 1/2, 2/3, 1/2, 3/5, 1/2… இது ½-க்குப் போகிறது. ஒழுங்காக ஒருங்கும் தொடருக்கு, அதாவது கூட்டக் கூட்ட ஓர் எண்ணை நெருங்கி நிலைகொள்ளும் தொடருக்கு, இதே முறை பழைய விடையையே தரும். அதனால்தான் இதற்கு மரியாதை.

சரி, நானும் உங்களைப் போலச் சந்தேகப்பட்டவன்தான். கல்லூரி நாட்களில் ஓர் இரவு, சுழியத்தைச் சேர்த்தால் என்ன ஆகிவிடும் என்று 1+0−1+1+0−1+… என எழுதிப் பார்த்தேன். கூட்டிக்கொண்டு போனால் 1, 1, 0, 1, 1, 0. சராசரி 2/3! பிழையைத் தேடித் தேடித் தூக்கம் போனதுதான் மிச்சம். பிழையே இல்லை. சராசரியில் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் ஓட்டு. நான் செருகிய சுழியம் 1-க்குக் கூடுதலாக ஓர் ஓட்டு போட்டுவிட்டது. ஒருங்கும் தொடரில் எத்தனை சுழியம் செருகினாலும் விடை அசையாது. (18-ஆம் நூற்றாண்டுக் கணித அறிஞர் லக்ராஞ்சு காலத்திலேயே காலே என்பவர் இதைக் கேட்டுவிட்டார் என்று அப்புறம்தான் தெரிந்தது.)

கேள்வி: 1−2+3−4+… இதற்கும் சராசரி செல்லுமா?

பதில்: ஒரு தடவை போதாது. சராசரிகள் 1, 0, 2/3, 0, 3/5, 0… ஒன்றுவிட்டு ஒன்று ½-ஐ நோக்கிப் போகிறது, இடையில் வருவதெல்லாம் 0. அந்தச் சராசரிகளுக்கே இன்னொரு முறை சராசரி எடுத்தால் ¼. நார்வேக் கணித அறிஞர் ஏபெலின் பெயரால் வழங்கும் முறையிலும் ¼-தான்: உறுப்புகளை 1-ஐவிடச் சற்றுச் சிறிய எண்ணின் அடுக்குகளால் பெருக்கிக் கூட்டி, அந்த எண்ணை 1-ஐ நோக்கி நகர்த்துவார்கள். வேடிக்கை என்னவென்றால், விரியும் தொடர்கள் சாத்தானின் கண்டுபிடிப்பு என்று 1826-இல் கடிதம் எழுதியவர் இதே ஏபெல்!

கேள்வி: அப்படியானால் 1+2+3+… = −1/12?

பதில்: மேலே சொன்ன இரண்டு முறையும் அங்கே கைவிரித்துவிடும். அது ரீமன் சீட்டா சார்பு வழியாக வரும் மதிப்பு: 1+1/2ˢ+1/3ˢ+… என்ற தொடரை, அது ஒருங்காத s-களுக்கும் நீட்டித்துப் பெறும் சார்பு அது; s = −1 என்று வைத்தால் −1/12. 1913-இல் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டிக்கு இதை எழுதிய ராமானுஜன், ‘என் கோட்பாட்டின்படி’ என்று சேர்த்தே எழுதினார். இதைச் சொன்னால் என்னைப் பைத்தியக்கார விடுதிக்குத்தான் போகச் சொல்வீர்கள் என்றும் கூடவே எழுதிவைத்தார்.