நாமினி பேரு எதுக்கு கேக்கறாங்க?

கேள்வி: டாக்டர், அப்பாவுக்கு 64 வயசு, 15 வருஷமா சுகர். ஆஸ்பத்திரில புது மருந்து ட்ரையல்ல சேர்றீங்களான்னு கேட்டு ஃபார்ம் கொடுத்தாங்க. அதுல வருஷ வருமானம், நாமினி பேருன்னு கட்டம் இருக்கு. நாமினின்னு பாத்ததுமே அம்மா அழுதுட்டாங்க. சேரலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: பேங்க்ல எஃப்டி போட்டாலும் நாமினி கேக்கறாங்க, அதுக்கு யாரும் அழறதில்லையேன்னு அம்மாகிட்ட சொல்லும்மா. 2019ல வந்த மருத்துவப் பரிசோதனை விதிகள்லயே ஒப்புதல் படிவத்துல அந்தக் கட்டம் இருக்கு, ட்ரையலால உயிருக்கு ஏதாவது ஆயிட்டா இழப்பீடு யார் கைக்குப் போகணும்னு தெரியணும்ல, அதுக்குத்தான். இழப்பீட்டுக்கு ஃபார்முலாவே உண்டு, 8 லட்சத்தை அடிப்படையா வச்சு வயசு, நோயோட தீவிரம் எல்லாம் பாத்து கணக்குப் போடுவாங்க. அந்தக் கட்டமே இல்லாத ஃபார்மை நீட்டினாதான் எனக்கு பயமா இருக்கும்.

நான் பாத்த வரைக்கும் ஜனங்க கோட்டை விடறது வேற இடத்துல. கையெழுத்து போட்ட ஃபார்ம்ல ஒரு காப்பி, தகவல் தாள்ல ஒரு காப்பி, ரெண்டையும் கையில வாங்காம வராதீங்க, சட்டப்படியே உங்களுக்கு சேர வேண்டியது அது. "ஜெராக்ஸ் மிஷின் ரிப்பேர்மா, அடுத்த தடவை வரும்போது தர்றோம்"னு அனுப்பி விட்டதை நானே பாத்திருக்கேன், எந்த ஊர்னு கேக்காதீங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு அப்பாவுக்கு சுகர் இறங்கி வேர்த்துக் கொட்டுச்சுன்னா யாருக்கு போன் பண்றதுன்னு அந்தத் தாள்லதான் இருக்கும்.

சேரச் சொல்லியோ வேணாம்னோ நான் சொல்ல மாட்டேன். இப்ப போடற மாத்திரைய நிறுத்துவீங்களா, மருந்தே இல்லாத டம்மி மாத்திரை குடுக்கற குரூப் உண்டான்னு கேளுங்க, நாட்டுல நடக்கற ட்ரையல்களைப் பதிவு பண்ற சிடிஆர்ஐ பதிவு நம்பரையும் கேட்டு நெட்ல தட்டிப் பாருங்க. நடுவுல பிடிக்கலன்னா எப்ப வேணா விலகிக்கலாம், அதுக்காக ஆஸ்பத்திரில வழக்கமான வைத்தியத்தை அவங்க நிறுத்தக் கூடாது.

கேள்வி: என்ன சொன்னாலும் நம்மள எலி மாதிரிதானே வச்சிருக்காங்க?
- வாசகர், பெரம்பூர்

பதில்: உங்க ஊர்லயே ஒரு கதை இருக்கு சார். 1956ல மெட்ராஸ்ல டிபி நோயாளிங்க மேல ஒரு ட்ரையல் ஆரம்பிச்சாங்க. அப்பல்லாம் டிபின்னா சானடோரியம்தான், அதாவது தங்கி வைத்தியம் பாக்கற டிபி ஆஸ்பத்திரி, தாம்பரம் பக்கத்து ஸ்டேஷனுக்கே அந்தப் பேரு இருக்கே. பாதிப் பேர் சானடோரியத்துல, பாதிப் பேர் நெரிசலான சின்ன வீட்லயே, மாத்திரை ரெண்டு பக்கமும் ஒண்ணு, யார் எங்கங்கறது குலுக்கல் மாதிரி. வீட்ல இருந்தவங்களுக்கு சாப்பாடும் கம்மி, ரெஸ்ட்டும் கம்மி. 1959ல ரிசல்ட் வந்தப்ப அவங்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு குணமாயிருந்தாங்க, கூட இருந்த குடும்பத்துக்கும் அதிகமா தொத்தல. இன்னைக்கு டிபி வந்தா பெரும்பாலும் வீட்ல இருந்தே மாத்திரை போடறாங்கள்ல, அதுக்கு அந்த மெட்ராஸ்காரங்களும் ஒரு காரணம்.