மெல்லிசுக் கோடு எங்க போச்சு?

கே: மெனு கார்டுக்கு நெட்ல ஒரு பழைய ஸ்டைல் செரிஃப் ஃபான்ட் (எழுத்து முனையில குட்டிக் கால் வச்சது) எடுத்தேன். ரூபாய் குறி டைப் பண்ணா வெறும் கட்டம் வருது. (கோரமங்களா)

ப: அந்தக் குறி வந்ததே 2010ல. உங்க ஃபான்ட் அதுக்கு முன்னாடிப் பொறந்ததா இருக்கும். 'ஆர்எஸ்'னு போட்டுட்டு தோசையை ஊத்துங்க.

கே: பொண்ணு கல்யாணப் பத்திரிகைக்கு, ஒரு கோடு தடியாவும் ஒரு கோடு நூல் மாதிரியும் வர்ற ஃபான்ட் 2,800 ரூபாய்க்கு வாங்கினோம். ஸ்கிரீன்ல கண்ணுல ஒத்திக்கலாம். அவென்யூ ரோட் பிரஸ்ல கோல்டு ஃபாயில்ல (தங்கக் கலர் தகடு அழுத்தி) அடிச்சு வந்தா அட்ரஸ்ல பாதி எழுத்தைக் காணோம். டூப்ளிகேட் ஃபான்ட்டா? (அல்சூர்)

ப: ஒரிஜினல்தான் சார், ஆனா டிஸ்பிளே ஃபான்ட், அதாவது தலைப்புல பெருசா நிக்கறதுக்குன்னே செஞ்சது. 18ஆம் நூற்றாண்டு கடைசியில இத்தாலி பார்மாவுல போடோனின்னு ஒரு அச்சுக்காரர், பாரிஸ்ல டிடோன்னு ஒரு அச்சுக்காரக் குடும்பம், இவங்க ஆரம்பிச்ச ஸ்டைல் இது. ஈய எழுத்து காலத்துல சைஸுக்கு ஒரு அச்சு தனியா வெட்டுவாங்க, சின்ன சைஸ்ல மெல்லிசுக் கோட்டைக் கொஞ்சம் தடியாக்குவாங்க, இப்ப ஒரே ஃபைலை பெரிய 60 பாயின்ட் சைஸ்லயும் குட்டி 8 பாயின்ட் சைஸ்லயும் இழுத்தா கோல்டு ஃபாயில்ல அந்தக் கோடு எப்படி நிக்கும்? கேப்பிடல் எச் (H) நடுக்கோடு போய் ரெண்டு ஐ (I) ஆயிடும், சின்ன இ (e) சி (c) ஆயிடும். விக்கறவங்க படத்துல எப்பவும் ஒரே ஒரு வார்த்தையைப் பூதாகாரமா காட்டுவாங்க, எனக்கு வயிறு எரியறது அதுலதான். நானே அப்படி மயங்கி 500 விசிட்டிங் கார்டு அடிச்சேன், ஈமெயில்ல இருந்த இ எல்லாம் சி, இன்னைக்கும் வீட்ல மளிகை லிஸ்ட் அது பின்னாடிதான் எழுதறாங்க. பேரை மட்டும் இந்த ஃபான்ட்ல விட்டுட்டு அட்ரஸை சாதா ஃபான்ட்ல மாத்துங்க, ஒரே ஒரு காப்பி அடிச்சுப் பார்த்துட்டு மீதிக்கு ஓகே சொல்லுங்க.

கே: கடை போர்டுக்கு ஒரு ஃபான்ட் வாங்கினேன். கன்னடமும் தமிழும் அந்த ஸ்டைல்ல வரலை. ரீஃபண்ட் உண்டா? (இந்திராநகர்)

ப: கர்நாடகாவுல போர்டுல 60 சதவீதம் கன்னடம் வேணும்னு 2024லயே சட்டம் வந்தாச்சு, நீங்க இங்கிலீஷ் எழுத்து மட்டும் இருக்கிற ஃபான்ட்டை வாங்கியிருக்கீங்க. எந்தெந்த மொழின்னு வாங்கற பக்கத்துலயே போட்டிருப்பாங்களே, பார்க்கவே இல்லையா? டவுன்லோட் பண்ணதுக்குப் பெரும்பாலும் ரீஃபண்ட் கிடையாது.

கே: வீட்ல கேக் பண்ணி விக்கறேன். தடிக்கோடும் மெல்லிசுக் கோடுமா இருக்கிற லோகோ ஃபான்ட் லைசென்ஸுக்குன்னு டிசைனர் தனியா 6,000 வாங்கினார். இப்ப ஃபான்ட் கம்பெனி மெயில், 'சொந்த உபயோகத்துக்கு மட்டும்'னு. பயமா இருக்கு. (ராமமூர்த்தி நகர்)

ப: அக்கா, தப்பு உங்க மேல இல்ல. ஆனா மெயிலைக் கண்டுக்காம விடாதீங்க, பணம் கட்டின ஸ்கிரீன்ஷாட்டோட நடந்ததைப் பதிலா எழுதுங்க. டிசைனர்கிட்ட உங்க பேர்ல இருக்கிற லைசென்ஸ் பில்லை வாட்ஸ்அப்லயே கேளுங்க, ஃபோன்ல பேசாதீங்க. மழுப்பினா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு அடிங்க, பிழைப்புக்காக சுயதொழில் பண்றவங்க வாங்கின பொருளுக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல நுகர்வோர்தான். அதுவரைக்கும் லோகோவை ப்ளேஃபேர் டிஸ்பிளேங்கிற ஃபான்ட்ல மாத்துங்க, கிட்டத்தட்ட அதே ஜாடை, ஓபன் லைசென்ஸ், வியாபாரத்துக்கும் ஃப்ரீ. அதையே ஒருத்தன் 'லைஃப்டைம் ஆஃபர்' மூட்டையில கட்டி என்கிட்ட 1,500க்கு வித்தான், நானும் வாங்கினேன்.